துரை கிளம்பிய நாள்

பொலெத்தே அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குரலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் நூகாக் சிறிய ஊர். எந்த வீட்டுக்குள் இருந்தாலும் அக்கா கரையோரம் யாரைத் திட்டுகிறார், எதற்காகத் திட்டுகிறார் என்பது தெரிந்துவிடும். பாதி ஆயுளை டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் கழித்தவர். இடது காது அநேகமாகப் போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்பதற்கு அவருக்கு அவ்வளவு சத்தம் தேவைப்பட்டது. தேவாலயத்தில் அவர் பாட எழுந்தால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும். விரிகுடாவின் அக்கரையில் மீன் பிடிப்பவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் எங்கள் பெண்கள் வயர்லெஸ் பெட்டியைத் தேடுவதில்லை, அக்காவைத் தேடிப் போவார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு கோடையில் பல நாட்கள் கிசுகிசுத்துக்கொண்டே இருக்க வேண்டி வந்தது. துரை வந்து உட்கார்ந்த ஜூன் மாதம் அது.

துரை என்று நாங்கள் சொன்னது ஒரு பனிப்பாறையை. கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் பனிப்பாறை ஒரு செய்தியே இல்லை. வரும், போகும். ஆனால் உள்ளே மலைகளுக்கு நடுவில் இருக்கும் பனியாறு சில வருடங்களாக அவசரப்படுகிறது. முன்பெல்லாம் பல கோடைகளில் உடைத்துத் தள்ளியதை இப்போது ஒரே கோடையில் தள்ளுகிறது, துண்டுகளும் பெரிது. அந்த ஜூனில் வந்தது எங்கள் தேவாலயத்தைப் போலப் பல மடங்கு உயரம். ஊருக்கு நேர் எதிரே, ஆழம் குறைந்த இடத்தில் அடி தட்டி நின்றுவிட்டது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அது பிளந்து விழுந்தால் எழும் அலை கீழ்க்கரை வீடுகள், கடை, மீன் கொட்டகை, எஞ்சின் கொட்டகை, எண்ணெய்த் தொட்டி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

பனிப்பாறையின் அருகில் சத்தம் கூடாது என்பது நடக்கக் கற்கும்போதே எங்களுக்குப் பழகிவிடும். கத்தக் கூடாது. படகு மோட்டாரை முறுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கி சுடக் கூடாது.

துரை என்று பெயர் வைத்தவர் அக்காவின் அண்ணன் சோஃபுஸ். கடல்நாய் வேட்டைக்காரர், அதிகம் பேசாதவர். டென்மார்க்காரர்கள் ஆண்ட காலத்தில் ஒவ்வொரு ஊர்க் கிடங்குக்கும் ஒரு மேலாளர் இருப்பாராம். கூப்பிடாமல் வருவார். வந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார். எப்போது போவீர்கள் என்று கேட்க முடியாது. எதிரில் குரலை உயர்த்தவும் முடியாது.

"அவரேதான் வந்திருக்காரு," என்றார் சோஃபுஸ் கரையில் நின்று. "பாரு, நெறங்கூட மாறல."

கீழ்க்கரைக்காரர்கள் எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் படுக்கையோடு மாறினார்கள். அக்காவின் வீடு கரைக்கு மிக அருகில் இருந்ததால் அவரும் வந்தார். ஆனால் எஞ்சினைப் பார்க்க மட்டும் தினமும் காலையும் மாலையும் கீழே இறங்கிப் போய்வந்தார். அந்த எஞ்சின்தான் எங்கள் விளக்கு, தண்ணீர், மீன் கொட்டகையின் குளிர், எல்லாமே. அந்தச் சத்தம் பரவாயில்லையா என்று யாரோ கேட்டார்கள்.

"அது ராவும் பகலும் ஒரே சத்தம்யா. துரைக்கு அது தாலாட்டு," என்றார் அக்கா கிசுகிசுப்பாக. "திடீர்னு நிறுத்துனாத்தான் முழிச்சுக்குவாரு."

அந்தக் கிசுகிசுப்பு கடைசி பெஞ்சுவரை தெளிவாகக் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகத் துரையைத் திரும்பிப் பார்த்தோம்.

துரையை உடைத்துவிடப் போகிறவர் அக்காதான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பட்டணத்து நகராட்சியில் இருந்து துபார்னக் என்ற பெண் படகில் வந்து இறங்கினாள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். எங்கள் ஆள்தான், எங்கள் மொழிதான். நடுநடுவே டேனிஷ் சொல் எட்டிப்பார்க்கும். நல்ல பெண், வந்தவுடன் எல்லோருக்கும் கை கொடுத்தாள். அவள் தோளில் ஒரு மெகாபோன் தொங்கியது. அவசர காலத்துக்கென்று அலுவலகத்தில் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

சோஃபுஸ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத ஒரு தடவ அமுக்கினா போதும் தாயி. எல்லாரும் ஒண்ணா காலியாயிடுவோம். உனக்கு வேல மிச்சம்."

அவள் சிரித்துவிட்டு அதைக் கழற்றிப் பள்ளிக்கூட அலமாரியின் மேல் வைத்தாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். ஜூன் இருபத்தொன்றாம் தேதி மாலை ஒரு கப்பல் வரும். அதற்குள் துரை நகரவில்லை என்றால் ஊர் முழுவதும் அதில் ஏற வேண்டும். பட்டணத்துப் பள்ளியில் தங்க இடம் தயார். அலை வந்தால் எண்ணெய்க் குழாய் தீப்பிடிக்கும் என்பதால் கிளம்பும் முன் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இருபத்தொன்றாம் தேதி எங்கள் தேசிய நாள். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். எஞ்சின் என்ற சொல்லுக்கு அவர் முகம் மாறியது எங்களுக்குப் புரிந்தது. துபார்னக்குக்குப் புரிய நியாயமில்லை.

அக்கா பிறந்தது இங்கே இல்லை. தெற்கே, நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஓர் ஊர். அங்கே அவருடைய அப்பாதான் எஞ்சின்காரர். சுரங்கம் லாபமில்லை என்று எங்கோ ஒரு மேஜையில் முடிவாயிற்று. அந்த மேஜையைச் சுற்றி அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. குழாய்த் தண்ணீர் வரும் புது வீடுகள் தருகிறோம் என்றார்கள். மிச்சச் சாமான்களை அடுத்த வசந்தத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுக்குமாடியில் நாய்களுக்கு இடமில்லை என்று கரையிலேயே சுட்டார்கள். கடைசியாக அப்பாவைக் கூப்பிட்டு எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். அக்காவுக்கு அப்போது ஏழு வயது. அது நின்றதும் தன் காதில் ஏதோ அடைத்துக்கொண்டதைப் போல இருந்தது என்பார். அந்த வசந்தத்தில் யாரையும் யாரும் அழைத்துப் போகவில்லை. பட்டணத்தில், மூன்றாவது மாடியில், அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்பதைப் போலவே மிச்ச நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார்.

அக்கா எங்கள் ஊர் எலியாஸை மணந்து இங்கே வந்தார். சில வருடங்களில் சோஃபுஸும் வந்து சேர்ந்தார். எஞ்சினை அப்போது ஒரு டேனிஷ் மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கு இது சரிவராது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அக்காவும் அங்கேயே இருந்தார். பிறகு எலியாஸ் புற்றுநோயில் போனார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையும் அக்கா எண்ணெய் அளவு பார்க்கப் போனார்.

துபார்னக் சொல்லி முடித்ததும் அக்கா அவளைப் பள்ளிக்கூடத்தின் சமையல் மூலைக்கு அழைத்துப்போனார். ரகசியமாகப் பேசத்தான். எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"எப்ப திரும்பி வருவோம், சொல்லு."

"ஆபத்து போனதும் வந்துடலாங்க்கா."

"யாரு முடிவு பண்ணுவா, ஆபத்து போயிடுச்சுன்னு?"

"நிபுணருங்க வந்து பாப்பாங்க. அப்புறம் நகராட்சி."

"அதாவது மேஜ."

"அக்கா, நான் டென்மார்க்ல இருந்து வரல. நாம ஓட்டுப் போட்டு வெச்ச ஆளுங்க அனுப்பித்தான் வந்திருக்கேன்."

"அப்ப டேனிஷ்ல சொன்னாங்க, இப்ப நம்ம பாஷையில சொல்றீங்க. பேச்சு மாறியிருக்கு தங்கம், கப்பல் மாறல. எஞ்சின் நின்னா குளிரூட்டி நிக்கும், மீன் வாங்குற கம்பெனி போயிடும், அப்புறம் பள்ளிக்கூடம். ஒரு வருஷத்துல இங்க ஊரே இருக்காது. நான் பாத்துருக்கேன். ஏற சம்மதம் இருக்கறவங்க ஏறட்டும். நான் எஞ்சினோட இங்கயே இருக்கேன்."

"அலை வந்தா?"

"ஓடுவேன். பாக்கத்தான் குண்டு, நல்லா ஓடுவேன்."

இருபத்தொன்றாம் தேதி காலை துரை இருந்த இடத்திலேயே இருந்தார். வெயில் நன்றாக அடித்தது. வழக்கமாக அன்று துப்பாக்கி வெடித்துத்தான் ஊரை எழுப்புவோம். அன்று யாரும் எழுப்பாமலே எழுந்தோம். பெண்கள் விழாவுக்கென்று போடும் பாசிமணிக் கழுத்தாடைக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டார்கள், மணிகள் உரசாமல் இருக்க. தேவாலயத்தின் முன் கொடி ஏறியது. நாட்டுப் பாட்டை மூச்சுக் காற்றில் பாடினோம். அக்கா வாயை மட்டும் அசைத்தார். அதற்கே அவர் கழுத்து நரம்பு புடைத்தது. குழந்தைகளின் சாக்குப் பந்தயத்துக்கு விசிலுக்குப் பதில் கைக்குட்டையை ஆட்டினார்கள். ஜெயித்தவனுக்கு எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு கைதட்டினோம்.

துபார்னக் நகராட்சியின் சார்பில் பேச வேண்டியிருந்தது. பெரிய நாடுகள் எங்கள் நிலத்தின் மேல் கண் வைத்துப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. "நம்ம நாடு யாருக்கும் விற்பனைக்கு இல்லை," என்றாள் மிக மெதுவாக.

"இவ்ளோ மெதுவா சொன்னா அவனுக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றார் சோஃபுஸ். "வாங்க வர்றவன்ட்ட சொல்லு, மொதல்ல துரைய எடுத்துட்டுப் போகட்டும். பாக்கிய அப்புறம் பேசலாம்."

சிரிப்பை அடக்க முடியாமல் சிலர் தேவாலயத்துக்குள் ஓடினார்கள்.

கேக்கும், உலர்ந்த ஹாலிபட் மீனும், திமிங்கிலத் தோலும், காபியும் பள்ளிக்கூடத்தில் சுற்றி வந்தன. மூட்டைகள் சுவரோரம் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்க்காமல் சாப்பிட முயன்றோம். கீழ்க்கரை வீட்டுக் கொர்னேலியா முதுகில் கைக்குழந்தையோடு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூட்டைய பிரிச்சுட்டேங்க்கா," என்றாள்.

"ஏன்?"

"நீங்க இருந்தா நாங்களும் இருக்கோம். ஓடுற எஞ்சின விட்டுட்டு எதுக்குப் போகணும்? என் வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு. கீழ்க்கரையில இன்னும் ரெண்டு வீட்லயும் பிரிக்கிறாங்க."

அக்கா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். கொர்னேலியாவின் முதுகில் இருந்த குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் அதன் விரலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். துரையின் விரிசலில் வெயில் விழுந்து, நேற்றைவிட அது அகலமாகத் தெரிந்தது. எங்களுக்கும் தெரிந்ததுதான்; யாரும் சொல்லாமல் இருந்தோம்.

"மூட்டையக் கட்டு," என்றார்.

"அக்கா..."

"கட்டுங்கறேன்ல. எனக்காகப் புள்ளய வெச்சுக்கிட்டு இங்க உக்காருவியா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." எழுந்து துபார்னக்கிடம் போனார். "கப்பல் வர்ற நேரமாச்சு. நானே நிறுத்துறேன். வேற யாரும் தொட வேண்டாம்."

துபார்னக்குக்குக் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வந்தாள். அக்கா அதற்குள் பாதி தூரம் போயிருந்தார், விழாவுக்குப் போட்ட வெள்ளைத் தோல் நெடுங்காலணியோடு.

கரைப் பாறையில் சோஃபுஸ் காவல் இருந்தார். படகு எதுவும் துரையின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. துப்பாக்கி தோளில் இருந்தது. அது இல்லாமல் அவர் கழிவறைக்குக்கூடப் போவதில்லை. தங்கை பக்கத்தில் வந்து நின்றதும் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, அப்பா நிறுத்துனப்ப நீ கூட இருந்தல்ல?"

"இருந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. துணிய எடுத்து கையத் தொடச்சாரு. அழுக்கே இல்ல கையில. ரொம்ப நேரம் தொடச்சாரு."

அக்கா தலையை ஆட்டிவிட்டு எஞ்சின் கொட்டகைக்குள் போனார்.

அதன் பிறகு உள்ளே நடந்ததை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். எஞ்சினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஊருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு இறங்கிய பிறகுதான் நிறுத்த வேண்டும். அவர் துண்டித்தார். மேட்டில் எங்கள் காபி இயந்திரத்தின் சிவப்பு விளக்கு அணைந்தது. எஞ்சின் மெதுவாக ஓட, அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டு நெம்புகோலில் கை வைத்தார்.

அப்போதுதான் வெளியே கடல்நாய் தலை தூக்கியது.

கரைக்கும் துரைக்கும் நடுவில், பளிங்கு போன்ற தண்ணீரில், சோஃபுஸுக்கு நேர் எதிரே. எங்களில் துப்பாக்கி பிடித்து வளர்ந்த எவரானாலும் அந்த நேரத்தில் அதையேதான் செய்திருப்பார். தலை தண்ணீருக்கு மேல் இருப்பது மூச்சு விடும் நேரம்தான். யோசித்துக்கொண்டு நிற்பவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவான். துப்பாக்கி தோளுக்குப் போனது, விரல் மடங்கியது, வெடித்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பது வெடித்த பிறகுதான் சோஃபுஸுக்கு உறைத்தது.

அந்த ஒரு வெடி விரிகுடாவைச் சுற்றி மலை மலையாக மோதித் திரும்பியது. மேட்டில் நாங்கள் கோப்பையும் கையுமாகச் சிலையானோம். ஒரு நாய் ஊளையிட்டது. பிறகு ஒன்றும் இல்லை. கொர்னேலியாவின் கணவன் மூச்சை விட்டான்.

துரையின் உள்ளுக்குள் ஏதோ முறிந்தது.

அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே காலில் தெரிந்தது. கொட்டகையில் இருந்து அக்கா பாய்ந்து வெளியே வந்தார். அவர் சொன்னது உண்மைதான், நன்றாக ஓடினார். பாதி மேடு ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தார். சோஃபுஸ் துப்பாக்கியைப் பிடித்தபடி அதே பாறையில் நின்றிருந்தார். அக்கா திரும்பக் கீழே ஓடினார். அண்ணனைச் சட்டைக் காலரோடு பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

பிளந்து விழுந்தது துரையின் முதுகுப்புறம். கடலைப் பார்த்த பாதி முழுவதும் சரிந்து போயிற்று. பெரிய அலை அந்தப் பக்கம், திறந்த கடலுக்குப் போனது. மிச்சத் துரை எங்களைப் பார்த்து ஒரு முறை சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தார். எங்கள் பக்கம் வந்தது சின்ன அலை. சின்னது என்றாலும் மீன் உலர்த்தும் பரண்களையும், கரையில் கட்டியிருந்த இரண்டு படகுகளையும், கடையின் படிக்கட்டையும், அக்கா வீட்டு முன்வேலியையும் எடுத்துக்கொண்டது. எஞ்சின் கொட்டகையின் வாசற்படியை நனைத்தது. அங்கே நின்றது. பிறகு, கரையைச் சுரண்டிக்கொண்டு பின்வாங்கியது.

அதற்குப் பின் எழுந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நெம்புகோலை இழுக்க அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்து அக்காவின் குரல் வந்தது. அத்தனை நாட்களாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"மூள இருக்கா உனக்கு! கெழவா! துப்பாக்கிய பசங்க பொம்ம மாதிரி தூக்கிட்டு அலையறியே! ஊரே மூச்ச அடக்கிட்டு உக்காந்திருக்கு, இவருக்குக் கடல்நாய் வேணுமாம்! நாளைக்கே அந்தத் துப்பாக்கிய அடுப்புல வெக்கறேன் பாரு!"

துபார்னக் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சோஃபுஸ் மேட்டில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அக்கா மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் கையால் கடலைக் காட்டினார்.

துரை நகர்ந்துகொண்டிருந்தார். பாதி எடை போனதில் அடி தரையை விட்டுவிட்டது. வயிற்றின் நீலத்தைக் காட்டியபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். வடியும் நீரும் மலைக்காற்றும் சேர்ந்து அவரைத் தள்ளின. நாங்கள் புதிதாகக் காபி போட்டு, அதாவது அக்கா கீழே போய் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்த பிறகு போட்டு, குடித்து முடிப்பதற்குள் அவர் விரிகுடாவின் முனையைத் தாண்டி மறைந்தார்.

அப்போது யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊரில் இருந்த எல்லாத் துப்பாக்கிகளும் வெளியே வந்தன. காலையில் வெடிக்காமல் விட்டதை வெடித்தோம். பாட்டை மறுபடி பாடினோம். இந்த முறை அக்கா வாயைத் திறந்து பாடினார். மற்றவர்கள் சும்மா நின்றோம். சால்வைகள் கழன்றன. கொர்னேலியா மூட்டையை இரண்டாவது முறையாகப் பிரித்தாள்.

"துப்பாக்கிச் சத்தத்துக்கு அவ்வளவு பெரிய பாறை உடையாதுங்க," என்றாள் துபார்னக். "வெயில். முன்னாடியே விரிசல் இருந்துச்சு. எப்பிடியும் இன்னைக்கு உடஞ்சிருக்கும்."

"அப்பிடியா," என்றார் சோஃபுஸ். அவருக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்தது. "ஊரு பூரா நின்னு பாத்துச்சு. துரைய அனுப்பி வெச்சது நான்."

"கடல்நாய் என்னாச்சு மாமா?" என்று கொர்னேலியாவின் கணவன் கேட்டான்.

சோஃபுஸ் காபியை ஊதினார். "அது... தப்பிச்சிருச்சு."

அதற்குப் பிறகு இந்த நாள்வரை அவர் பெயர் எங்கே அடிபட்டாலும் அந்தப் பேச்சு வந்துவிடும்: மலையைச் சுட்டு வீழ்த்தியவர், கடல்நாயைத் தவறவிட்டவர்.

மாலையில் கப்பல் வந்து வெளியே நங்கூரமிட்டது. அதன் சிறு படகு துபார்னக்கை ஏற்றிக்கொள்ளக் கரைக்கு வந்தது. அக்கா வழியனுப்ப வந்தார்.

"அக்கா, அடுத்த கோடையில இன்னொருத்தர் வருவாரு," என்றாள் அவள். "இதவிடப் பெரிசாக்கூட இருக்கலாம். எதுக்கும் என்னால வாக்குக் குடுக்க முடியாது."

"தெரியும்."

"கீழ்க்கரை வீடுங்களயும் எஞ்சினயும் மேட்டுக்குத் தூக்கணும். நான் போய் அதச் சொல்றேன். சண்ட போட்டுச் சொல்றேன்."

அக்கா அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "மேட்டுக்குத் தூக்கறதுன்னா நானே தோள் குடுப்பேன் தங்கம். கப்பலுக்குத் தூக்கறதுன்னாத்தான் சண்ட." பிறகு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். உலர்ந்த மீன் பொட்டலம் ஒன்றை அவள் பைக்குள் திணித்தார்.

படகில் ஏறிய பிறகுதான் துபார்னக்குக்கு மெகாபோன் நினைவுக்கு வந்தது. யாரோ பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்து வந்து கொடுத்தார்கள். அவள் அதை அக்காவிடம் நீட்டினாள். "இத இங்கயே வெச்சுக்கங்க. எப்பயாவது உதவும்."

கப்பலின் மேல்தளத்தில் இருந்து கேப்டன் கையை ஆட்டி, இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சைகையில் கேட்டார். அக்கா மெகாபோனை வாங்கிப் பார்த்தார், சிரித்தார், திரும்ப அவள் மடியில் வைத்தார். இரண்டு கையையும் வாய்க்கு இரு பக்கமும் வைத்துக்கொண்டார்.

"யாரும் வரல! நீங்க கெளம்புங்க!"

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டினார். அக்கரையில் யாருடைய நாய்களோ பதிலுக்கு ஊளையிட ஆரம்பித்தன.